உவரி மணலில் கிடைத்த புழு: புது இனமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

தேரிமணல் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். திசையன்விளைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார் நான். மகள் ஒன்பதாவது படிக்கா. "கடல் மண்ணுக்குள்ள என்ன இருக்கு"ன்னு அவளுக்கு ஒரு புராஜெக்ட். போன ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உவரிக்குப் போனோம். அலை வந்து உடையுற இடத்துல ஒரு சாண் தோண்டி அரை வாளி மணல் அள்ளினேன். சுயம்புலிங்க சாமி கோயிலுக்கு நேர்ந்துக்கிட்டு ஓலைப்பெட்டியில கடல் மண் சுமக்குற சனம் அன்னைக்கும் இருந்துச்சு. ஒரு பாட்டி என்னைய நிப்பாட்டி, "ஏம்ப்பா, வாளியிலயா நேர்ச்சை சுமப்பாவ?"ன்னு கேட்டுட்டு, பதிலுக்கு நிக்காம போயிட்டாங்க.

வீட்டுல குழாய்த் தண்ணி ஊத்தி மணலை அலசி, பழைய வேட்டித் துணியில வடிகட்டி, பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்புல பாத்தோம். செவப்பும் கறுப்புமா மணல். அதுக்கு நடுவுல வெள்ளையா நூல் மாதிரி ஒண்ணு நெளிஞ்சுது. நீளம் 7 மி.மீ. இருக்கும், தடிமன் தலைமுடி அளவு. முன்னால ரெண்டு கொம்பு. வாலு கண்ணாடியில பசை போட்ட மாதிரி ஒட்டிக்கிடுது, ஊசியால தள்ளினாலும் வர மாட்டேங்குது.

ரெண்டு நாளு இணையத்துல தேடியாச்சு. இதே மாதிரி ஒரு படமும் அகப்படல. புது இனமாத்தான் இருக்கணும்னு தோணுது. பேர் வைக்கிறதுன்னா யாருக்கு எழுதணும்? மகள் பேரை வைக்கலாமா?

[படம் 1] [படம் 2]

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 9.58

படம் 2-ல இருக்குறது நீலக் கலர்ல இருக்கே சார். புது இனம்தான். பேரு வலைநூல்.

பாளை_லென்ஸ் | சனி, இரவு 10.25

சிரிக்காதீங்க, நானும் அதுல ஏமாந்தவன்தான். மணப்பாட்டு மணல்ல முதல் தடவை பாத்தப்போ மூணு "புழு" கிடைச்சுது, மூணும் நைலான். மீன்பிடிக் கரை எதுலயும் வலை இழை இல்லாத மணலே கிடையாது. அடையாளம் லேசு. இழைன்னா தலையிலருந்து கடைசி வரைக்கும் ஒரே தடிமன், முனை வெட்டுப்பட்டோ பிரிஞ்சோ இருக்கும், உள்ள குடல் கிடையாது. புழுன்னா நடுவுல ஒரு குழாய் ஓடும், பெரும்பாலும் அதுல கொஞ்சம் அழுக்கு இருக்கும்.

படம் 1 நிஜமாவே புழுதான். ஆனா வாத்தியாரே, இந்தப் படத்தை வச்சு யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. போனை ஐபீஸ்ல வச்சு எடுத்தது ஆடிப்போயிருக்கு. தலை, நடுவுடம்பு, வாலு மூணையும் தனித்தனியா 400 பெருக்கத்துல எடுத்துப் போடுங்க.

பழைய_லேப்காரன் | ஞாயிறு, காலை 6.12

தம்பி, வணக்கம். முப்பது வருஷம் விலங்கியல் லேப்புல இருந்துட்டு இப்ப டவுன்ல சும்மா உக்காந்திருக்கேன். உங்க பதிவு நல்லாயிருக்கு. கேள்விதான் கொஞ்சம் அவசரப்படுது.

மொதல்ல நீங்க பாத்தது என்ன கூட்டம்னு சொல்லுதேன். மணலை 1 மி.மீ. சல்லடையில அலசினா கீழ விழுந்துரும், 63 மைக்ரான் சல்லடையில நின்னுரும். அந்த ரெண்டுக்கும் இடையில சிக்குற உயிர்களை மீயோஃபானாம்பாங்க. மோலி மேர்ங்கிற அம்மா 1942-ல இங்கிலாந்துல அடித்தளச் சேற்றை ஆராய்ஞ்சப்போ வச்ச மீயோபெந்தோஸ்ங்கிற சொல்லுலருந்து வந்த பேச்சு. மணல்மணிக்கும் மணல்மணிக்கும் நடுவுல இருக்குற தண்ணிதான் இதுகளுக்கு வீடு. அதான் உடம்பு நூலா இருக்கு, அதான் வாலுல பசை. பசை இல்லாட்டி ஒரு அலைக்குப் போய்ச் சேர்ந்துரும்.

ரெண்டு கொம்பு, பசை வாலு, அலை உடையுற பருமணல். இந்த மூணையும் கேட்டதும் எனக்கு சாக்கோசிரஸ்னு ஒரு பேரினம் ஞாபகம் வருது. உறுதியா சொல்லல, படம் வரட்டும். அது இல்லாம வேற எதுவாவும் இருக்கலாம்.

இப்ப முக்கியமான சங்கதி. "இது எனக்குத் தெரியல"ங்கிறது வேற, "இதுக்கு இதுவரைக்கும் யாரும் பேர் வைக்கல"ங்கிறது வேற. மொதல்ல உள்ளதுக்கு ரெண்டு நாள் போதும். ரெண்டாவதுக்கு, விலங்குப் பேர்க் கணக்கு ஆரம்பிச்ச 1758-லருந்து இந்தக் கூட்டத்துல யாரு என்ன எழுதினாங்களோ அத்தனையும் பாத்திருக்கணும். சாக்கோசிரஸ் அடங்குற பாலிகீட்டாங்கிற முள்மயிர்ப் புழுக் கூட்டத்துல மட்டும் 11,000-க்கு மேல இனம் இருக்கு. இணையத்துல படம் இல்லேங்கிறது சாட்சியே ஆகாது. இந்தப் புழுக்கள்ல பாதிக்கு மேல படமே எடுத்திருக்க மாட்டாங்க, கையால வரைஞ்ச கோட்டுச் சித்திரம்தான் இருக்கும்.

குழாய்த் தண்ணி ஊத்தினேன்னு எழுதியிருக்கீங்களே, அது தப்புதான். ஆனா பேர்போன தப்பு. 1982-ல டென்மார்க்குக்காரர் ரெய்ன்ஹார்ட் கிறிஸ்டென்சன் பிரான்ஸ்ல ரோஸ்காஃப்ங்கிற ஊர்ல சிப்பித்தூள் மணலை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தார். ஊருக்குக் கிளம்புற கடைசி நாள், நேரம் இல்ல. மருந்து போட்டு மயக்கிப் பிரிக்கிற வழக்கமான வேலைக்குப் பதிலா நல்ல தண்ணிய ஊத்தி அலசிட்டார். உப்புத் தண்ணியில வாழ்றதுக்கு நல்ல தண்ணி பட்டா ஒரு அதிர்ச்சி. பிடிச்சிருந்த மணலை விட்டுரும். அதுவரைக்கும் மணலோட கெட்டியா ஒட்டிக்கிட்டே கிடந்த ஒரு விலங்கு குட்டியும் பெருசுமா கொத்தா கழண்டு வந்துச்சு. புது இனம், புதுக் குடும்பம்னு நிக்காம ஒரு முழுத் தொகுதியே புதுசாப் போச்சு. லோரிசிஃபெரான்னு 1983-ல வெளியிட்டார்.

அவர் உடனே எடுத்துப் பதப்படுத்தினாரு. நீங்க எவ்வளவு நேரம் விட்டீங்க? ரொம்ப நேரம் தாமிரவருணித் தண்ணியில கிடந்தா ஊதி வெடிச்சிரும்.

தேரிமணல் | ஞாயிறு, காலை 7.30

ஐயா, ராத்திரி முழுக்க விட்டுட்டேன். எட்டு இருந்துச்சு, காலையில முழுசா மூணுதான். அதையும் கெட்டுப்போகக் கூடாதுன்னு வீட்டுல இருந்த சானிடைசர்ல போட்டேன். சுருண்டு பொத்தான் மாதிரி ஆயிடுச்சு.

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, காலை 7.41

கொரோனாவாவது வராது அதுக்கு.

நூல்புழு | ஞாயிறு, பகல் 11.05

வாத்தியார் அண்ணே, மனசைத் தளர விடாதீங்க. நான் கடல் உருளைப்புழுவுல ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன். இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பண்ணியிருக்கேன்.

சேர்ந்த புதுசுல ஒரு வருஷம் முழுக்க சாம்பிள் எடுத்தேன். நூத்துச் சொச்சம் குப்பி. ஒவ்வொண்ணுலயும் ஜெல் பேனாவால அழகா எழுதி ஒட்டினேன். அலமாரியில ஒரு குப்பி கசிஞ்சு ஆல்கஹால் பரவுச்சு. திறந்து பாக்கேன், எழுத்து எல்லாம் ஊதா நிறத்துல ஓடிக்கிடக்கு. எது பெரியதாழை, எது கூடுதாழைன்னு தெரியாம அத்தனையும் குப்பையில போச்சு. அந்த லேப்புல யாரும் சொல்லித் தரல. இப்ப நான் எல்லாரையும் பிடிச்சு வச்சுச் சொல்லுதேன்: பென்சில். ட்ரேசிங் பேப்பர்ல பென்சிலால எழுதி, குப்பிக்கு உள்ளே போடணும். இடம், தேதி, அலைக்கோட்டுலருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம். இந்தத் துண்டுச்சீட்டு இல்லாத புழு எவ்வளவு அழகா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அடுத்த தடவை இப்படிப் பண்ணுங்க. மெக்னீசியம் குளோரைடு, படிகமா உள்ளது, லிட்டருக்கு 75 கிராம் வீதம் நல்ல தண்ணியில கரைங்க. கடல் தண்ணி அளவுக்கு அடர்த்தி வந்துரும், அதனால வெடிக்காது, மயங்க மட்டும் செய்யும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப்புல கேட்டுப் பாருங்க. மணல்ல ஊத்திப் பத்து நிமிஷம் விட்டு, மெதுவாச் சுத்திவிட்டு மேல்தண்ணிய மட்டும் சல்லடையில இறுத்துக்கோங்க. உங்க மணல்ல ஒரு சௌகரியம் இருக்கு. அதுல உள்ள செவப்புக் கார்னெட்டும் கறுப்பு இல்மனைட்டும் கனம், சட்டுன்னு அடியில உக்காந்துரும், புழு மேல நிக்கும். வெறும் வெள்ளை மணல்ல இவ்வளவு சுலபமா பிரியாது.

மயங்கி நீண்டு கிடக்குறதைப் பாதிய ஃபார்மலின்லயும் பாதிய 95 சதவீத ஆல்கஹால்லயும் போடுங்க. ஃபார்மலின்ல உருவம் கெடாது, ஆனா டி.என்.ஏ. வீணாப்போயிரும். ஆல்கஹால்ல டி.என்.ஏ. நிக்கும், உடம்பு கொஞ்சம் சுருங்கும். ஃபார்மலினை வீட்டுல வச்சுத் திறக்காதீங்க, பிள்ளைய பக்கத்துல சேர்க்காதீங்க.

பாளை_லென்ஸ் | ஞாயிறு, பகல் 11.40

மயக்குறதுக்கு முன்னாடி உயிரோட பாக்குறதை மறந்துராதீங்க. தட்டைப்புழு வகையெல்லாம் மருந்துல போட்டா வெறும் சளி உருண்டைதான் மிஞ்சும். உயிரோட இருக்கையில எடுத்த ஒரு நிமிஷ வீடியோவுக்கு ஈடு கிடையாது.

மருந்தே வேண்டாம்னா பனிக்கட்டி வழி இருக்கு. ஜெர்மன்காரர் உலிக் சொன்னது. ஒரு குழாய், அடியில மெல்லிய வலைத்துணி, மேல மணல், மணலுக்கு மேல கொஞ்சம் பஞ்சு, அதுக்கு மேல கடல் தண்ணியில செஞ்ச ஐஸ். ஐஸ் உருக உருகக் குளிரும் உப்பும் மேலருந்து இறங்கும். பிராணிகள் ஓடி ஓடிக் கீழ வந்து தட்டுல விழும். நீந்துற ஜாதிக்கு நல்லா வேலை செய்யும், உங்க பசைவாலுக்கு அவ்வளவு ஒத்துவராது.

உவரிக்கரை | ஞாயிறு, மாலை 5.20

அண்ணாச்சி, நம்ம ஊருக்கு வந்துட்டு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டீயளே. இந்தப் பக்கத்துல நான் பெரும்பாலும் படிக்கிறதோட சரி, எழுதுறது கிடையாது. இதுல எழுதணும்னு தோணிச்சு.

நீங்க தோண்டின இடம் இன்னும் ரெண்டு மாசத்துல அங்கன இருக்காது. ஆனி, ஆடியில கச்சான் காத்து அடிச்சா கடல் கரையை அரிச்சு எடுத்துட்டுப் போயிரும், ஆளு உயரத்துக்குக் குழி விழும். அப்புறமா கொஞ்சங் கொஞ்சமா மண்ணைக் கொண்டாந்து போடும். ஒரு மாசம் கறுப்பு மண்ணு, ஒரு மாசம் செவப்பு, ஒரு மாசம் பருக்கை. அந்தப் புழு மண்ணோட போவுதா, இல்ல அடியில இறங்கிக்கிடுதா? அதைக் கண்டுபிடிச்சீயன்னா எனக்கும் சொல்லுங்க.

எனக்கு ஒரு சந்தேகம். எங்க தாத்தா தூத்துக்குடியில சங்கு குளிச்சவரு. முத்துக்குள்ள ஒரு புழு செத்துக்கிடக்கும், அதைச் சுத்தித்தான் முத்தே விளையும்னு சொல்லுவாரு. மழைத்துளி விழுந்து முத்தாவும்ங்கிற கதை மாதிரிதானா இதுவும்?

பழைய_லேப்காரன் | ஞாயிறு, இரவு 8.15

தாத்தா சொன்னது கதை இல்ல தம்பி, ஒரு காலத்துல அச்சடிச்ச விஞ்ஞானம். 1902-ல வில்லியம் ஹெர்ட்மன்ங்கிற பேராசிரியர் இலங்கைப் பக்கத்து மன்னார் வளைகுடா முத்துப் பார்களை ஆராய வந்தார். ஏன் சில வருஷம் முத்துச்சிப்பியே இல்லாம போவுதுன்னு பாக்குறதுதான் வேலை. கூட வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல், பின்னால மெட்ராஸ் மீன்வளத் துறையில இருந்தவர். சிப்பியை அறுத்துப் பாத்தப்போ உள்ள நாடாப்புழுவோட இளம்பருவம் கூடுகட்டி இருந்துச்சு. நல்ல முத்து விளையுறதுக்கு அதுதான் கருன்னு அறிக்கை எழுதினாங்க. அந்த அறிக்கை அஞ்சு பாகம். அதை லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டுச்சு. பின்னால வந்தவங்க அதை ஒத்துக்கல. சிப்பியோட மேலுறைத் தோலு உள்ள இடறி ஒரு பையா மூடிக்கிட்டாத்தான் முத்து, புழு இருக்கணும்னு கட்டாயம் இல்ல. நம்ம பக்கத்துல கடைசியா முத்துக்குளி நடந்தது 1961-ல. ஆனா அந்தப் பேச்சு உங்க தாத்தா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு பாருங்க.

இதை ஏன் நீட்டிச் சொல்லுதேன்னா, அந்த அஞ்சு பாகத்துலயே பாலிகீட்டாவுக்குன்னு தனிப் பகுதி இருக்கு, ஆர்தர் வில்லி 1905-ல எழுதினது. வாத்தியார் தம்பி புது இனம்னு சொல்லணும்னா அதையும் புரட்டியாகணும். பழைய புத்தகம் வேணும்னா பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரின்னு இணையத்துல இருக்கு, காசு கிடையாது.

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, இரவு 9.02

எல்லாம் சரி ஐயா. கோவிச்சுக்காதீங்க, நெசமாவே கேக்குறேன். தலைமுடி மாதிரி ஒரு புழுவுக்குப் பேர் வச்சு என்ன ஆவப்போவுது? யாருக்குச் சோறு போடும்?

பழைய_லேப்காரன் | ஞாயிறு, இரவு 9.47

நல்ல கேள்வி. எனக்கே எங்க அப்பா போட்ட கேள்வி.

1940-கள்ல மெட்ராஸ் கடற்கரை மணல்ல இதே வேலைய ரெண்டு பேர் பண்ணினாங்க. ஆர். கோபால ஐயரும் கே.எச். அலிகுன்ஹியும். 1940-ல பைசியோனிடென்ஸ் இண்டிகாங்கிற புழு அவங்க கையால பேர் வாங்குச்சு, மெட்ராஸ் மணல்ல எடுத்தது. அப்புறம் அலிகுன்ஹி மன்னார் வளைகுடாவுல உள்ள குருசடைத் தீவு மணல்லருந்து சாக்கோசிரஸ் குருசடென்சிஸ்னு ஒண்ணைக் கண்டு 1948-ல எழுதினார். அதே அலிகுன்ஹிதான் 1957-ல ஹீராலால் சௌத்ரியோட சேர்ந்து, கெண்டை மீனுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறை ஊசியா போட்டுக் குளத்துலயே முட்டையிட வச்சது. இன்னைக்கு நம்ம கடைத்தெருவுல விக்கிற ரோகு, கட்லா எல்லாம் அந்த வழியில வந்த குஞ்சுகதான். புழுப் பாத்த கண்ணுதான் மீனையும் பாத்துச்சு. சோறு எங்கருந்து வரும்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. சோறு வராமலும் போகும், அதுவும் உண்டு.

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, இரவு 9.55

ரோகு புழுவுலருந்து வந்துச்சுன்னு எங்க வீட்டுல சொன்னா அடுத்த வாரம் மீன் கிடையாது. ஆனா சரி, ஒத்துக்கிடுதேன்.

தேரிமணல் | அடுத்த மாதம், செவ்வாய், இரவு 10.10

மன்னிக்கணும், பரீட்சை பேப்பர் திருத்துறதுல ஆளையே காணாம போயிட்டேன். மறுபடியும் உவரி போயிட்டு வந்தோம். இந்தத் தடவை உவரிக்கரை தம்பியும் கூட வந்தாரு. மணல் எங்க பருக்கையா இருக்குன்னு காலால மிதிச்சே சொல்லிட்டாரு.

ஐஸ் வழியையும் பாத்தோம். ஃப்ரீசர்ல கடல் தண்ணிக் கிண்ணத்தைப் பாத்துட்டு அம்மா, "மீனை விட்டுட்டு இப்ப கடலையே கொண்டாந்துட்டானா?"ன்னாங்க. அதுல கீழ வந்தது முழுக்கக் குட்டி நண்டு ஜாதி, ரெண்டு மூணு தட்டைப்புழு. நம்ம ஆளு வரல, பாளை சார் சொன்ன மாதிரியே. மெக்னீசியம் குளோரைடுலதான் பதினாலு வந்துச்சு.

உயிரோட ஒண்ணை அரை மணி நேரம் பாத்தேன். அப்படியே எழுதுதேன். கொம்பு ரெண்டும் ஒரு நேரமும் சும்மா இல்ல. குருடன் கோலு தட்டுற மாதிரி ஒரு மணலைத் தொடும், விடும், அடுத்ததைத் தொடும். கொம்புக்குப் பின்னால ரெண்டு செங்கரும்புள்ளி, கண்ணு போல. உடம்பு நெடுக வளையம் வளையமா கோடு, எண்ண ஆரம்பிச்சு அறுபதுல விட்டுட்டேன். ஒவ்வொரு வளையத்துலயும் ரெண்டு பக்கமும் குட்டியா ஒரு மொட்டு வெளிய வரும், உள்ள போகும். அந்த மொட்டுல கண்ணாடி நார் மாதிரி நாலஞ்சு முள்ளு. வாலு ரெண்டாப் பிளந்து இருக்கு, ரெண்டு நுனியும் ஒட்டுது. நீரை ஆட்டிவிட்டா வாலு ஒரு கறுப்பு மணலைப் பிடிச்சுக்கிடும், உடம்பு முழுக்கக் கொடி மாதிரி ஆடும். மகள் தலைய வரைஞ்சிருக்கா, படம் 5. என் போட்டோவைவிட அதுதான் தெளிவு.

[படம் 3] [படம் 4] [படம் 5]

பாளை_லென்ஸ் | செவ்வாய், இரவு 10.50

படம் 5-ஐ யாரும் குறை சொல்ல முடியாது. பிள்ளைக்கு என் வாழ்த்து. மூணு இடத்துல கொம்பு ஒரே நீளம் இல்லாம வரைஞ்சிருக்காளே, அது அசைவுல மாறுறதா, இல்ல அறுந்ததா? கேட்டுச் சொல்லுங்க.

அந்தக் கண்ணாடி முள்ளைத்தான் இனி பாக்கணும். எண்ணெய் லென்ஸ் வேணும், 1000 பெருக்கம். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்புல இருந்தா அதுல பூசணம் பூத்திருக்கும். ஒரு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கு வாங்க, என்கிட்ட இருக்கு.

பழைய_லேப்காரன் | புதன், காலை 5.55

சாக்கோசிரஸ் குடும்பம்தான். பிளந்த பசை வாலு, ரெண்டு கொம்பு, உள்ள இழுக்குற மொட்டுக்கால். எனக்குச் சந்தேகம் இல்ல.

தம்பி முகம் வாடியிருக்கும்னு தெரியுது. இரு. குடும்பம் தெரிஞ்சாச்சு, இனம் தெரியல. சுவாரசியம் இங்கதான் ஆரம்பிக்குது.

2014-ல இந்தப் பேரினத்தையே ரெண்டாப் பிரிச்சுட்டாங்க. தொண்டைக்கு அடியில தசைப்பிடிப்பான உறுப்பு உள்ளதுக்கு ஃபாரிங்கோசிரஸ்னு புதுப் பேரு. அது இல்லாதது சாக்கோசிரஸ்லயே நிக்குது. அதனால மொதல் கேள்வி, உங்க புழுவுக்குத் தொண்டையில அந்தத் தசை இருக்கா? ரெண்டாவது, முட்டையும் விந்தும் உடம்போட ரெண்டு பக்கமும் இருக்கா, ஒரே பக்கமா? மூணாவது அந்த முள்ளு, அதாவது சீட்டா. நீளமானது, நடுத்தரம், குட்டைன்னு மூணு தினுசு இருக்கும். நீளமானதோட நுனி கவட்டை மாதிரி பிளந்திருக்கா, கவட்டையோட உள்பக்கம் பல்லு இருக்கா, எத்தனை பல்லு? இனத்துக்கு இனம் பெரும்பாலும் அங்கதான் வித்தியாசம். 7 மி.மீ. புழுவுல ஒரு மைக்ரான் அளவுல உள்ள சங்கதி.

இன்னொரு வம்பும் இருக்கு. நம்ம நாட்டுப் பாலிகீட்டாவுக்கு இன்னைக்கும் பலர் கையில இருக்குறது பிரான்ஸ்காரர் பியர் ஃபோவேல் எழுதி 1953-ல வந்த தடிப் புத்தகம். அற்புதமான வேலை. ஆனா ஐரோப்பாவுல பேர் வாங்கின புழுவும் இந்தியாவுல கிடைச்ச புழுவும் ஒரே மாதிரி இருந்தா ஒரே பேரைப் போட்டுட்டார், அந்தக் காலத்து வழக்கம் அப்படி. பின்னால வந்தவங்க அதைப் பாத்தே பட்டியல் போட்டாங்க. விளைவு என்ன? இங்கிலாந்துக் குளிர்க்கடல்ல உள்ளதும் இடிந்தகரை வெயில்ல உள்ளதும் ஒரே இனம்னு ஏடுல இருக்கு. ஆஸ்திரேலியா மியூசியத்துல பாட் ஹட்சிங்ஸும் எலெனா குப்ரியனோவாவும் 2018-ல இதைத்தான் கேட்டாங்க, உலகமெல்லாம் பரவின புழுன்னு சொல்றதெல்லாம் நெசமா கற்பனையான்னு. அதனால நம்ம பக்கத்துல புது இனம் பெரும்பாலும் பழைய பேருக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். கண்டுபிடிக்கிற இடம் கடற்கரை இல்ல தம்பி, அலமாரி.

நூல்புழு | புதன், பகல் 1.20

ஐயா சொன்னதோட கொஞ்சம் சேர்க்குறேன். உருளைப்புழுவுலயும் இதே கதைதான். நாங்க அளந்து அளந்தே சாவோம். உடம்பு நீளத்தை அகலத்தால வகுக்கணும், தொண்டை நீளத்தால வகுக்கணும், வால் நீளத்தால வகுக்கணும். டி மான்ங்கிற டச்சுக்காரர் போட்டுக்கொடுத்த கணக்கு, நூத்தி நாப்பது வருஷமா மாறல. அதுவும் ஆண் புழு அகப்படலேன்னா பெரும்பாலும் கதை முடிஞ்சுது. ஆணோட இனப்பெருக்க ஊசி எப்படி வளையுதுங்கிறதுலதான் ஜாதியே தெரியும். ஒரு தடவை அறுபது பெண் புழு கிடைச்சு ஒரு ஆண் இல்லாம அந்தக் குப்பியை மூடி வச்சேன். இன்னும் மூடித்தான் இருக்கு.

அண்ணே, புது இனம்தான்னு ஒருநாள் உறுதியானா என்ன செய்யணும்னு மொதல் பதிவுல கேட்டிருந்தீங்க. ஒரே ஒரு புழுவை மூலமாதிரின்னு குறிச்சுக் காட்டணும், ஹோலோடைப்ம்போம். அந்தப் பேரு கடைசி வரைக்கும் அந்த ஒரு புழுவோட கட்டுண்டு கிடக்கும். அதை உங்க வீட்டு அலமாரியில வைக்க முடியாது. 2002 உயிரியல் பன்மைச் சட்டம் 39-வது பிரிவுப்படி, புது இனம் கண்டவர் யாரா இருந்தாலும் அரசு குறிச்ச காப்பகத்துக்குத் தெரிவிச்சு, சான்று மாதிரியை அங்க ஒப்படைக்கணும். இந்திய விலங்கியல் ஆய்வகம் அதுல ஒண்ணு. இணையத்துல மட்டும் வர்ற இதழ்னா ஜூபேங்க்ங்கிற விலங்குப் பேர்ப் பதிவேட்டுல பதிவும் கட்டாயம். 2012-லருந்து அப்படி.

இன்னொண்ணு, காசு வாங்கிக்கிட்டு ரெண்டு நாள்ல அச்சடிச்சுத் தர்ற இதழ்கள் உங்களைத் தேடி வரும். மயங்கிராதீங்க. ஒரு பேரு தப்பா அச்சேறிட்டா அதைச் சுமந்துக்கிட்டுத்தான் பின்னால வர்றவன் நடக்கணும்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் தேசியப் பூங்கா, அங்க போய் வாளியை எடுத்துராதீங்க, வனத்துறை அனுமதி வேணும். உவரி அதுக்கு வெளிய. ஆனா ஒப்பிட்டுப் பாக்கணும்னா குருசடைத் தீவுப் புழு வேணுமே? அதுதான் உங்களுக்கு அடுத்த முட்டு. அனுமதி உள்ள ஆராய்ச்சிக் கூடத்தோட சேர்ந்துதான் அதைத் தாண்டணும்.

உவரிக்கரை | புதன், மாலை 6.30

ஒரு புழுவுக்கு இவ்வளவு பட்டாவும் பத்திரப் பதிவுமா! எங்க ஊர்ல மனுசனுக்கே கிடையாது.

தேரிமணல் | சனி, இரவு 11.15

பாளையங்கோட்டையிலருந்து இப்பத்தான் வந்தோம். எண்ணெய் லென்ஸ்ல பாத்தாச்சு. நீள முள்ளோட நுனி கவட்டையா பிளந்திருக்கு. உள்பக்கம் பல்லு மாதிரி ஏதோ தெரியுது, பாளை சார் இருக்குங்கிறாரு, எனக்கு ஒரு நேரம் தெரியுது, ஒரு நேரம் தெரியல. மகள் மூணுன்னு அடிச்சுச் சொல்லுதா. தொண்டைத் தசைய எங்க யாருக்கும் சொல்லத் தெரியல.

அலிகுன்ஹியோட 1948 கட்டுரைப் படத்தை வச்சு ஒப்பிடணும்னு தேடிக்கிட்டிருக்கோம். அது கையில வர்ற வரைக்கும் "புது இனம்"ங்கிற வார்த்தைய எடுக்குறதில்லன்னு வீட்டுல முடிவு. மகள் புராஜெக்ட்ல "சாக்கோசிரஸ் குடும்பம், இனம் உறுதியாகவில்லை"ன்னு எழுதினா. வகுப்புல வேற எல்லாரும் நண்டுக்கும் சிப்பிக்கும் முழுப் பேர் எழுதியிருக்காங்க, இவளுக்கு அரை மார்க் குறைச்சுட்டாங்களாம். ரெண்டு நாளு கோவமா இருந்தா.

பேர் விஷயமும் கேட்டா. தன் பேரைத் தானே வைக்கக் கூடாதாமேன்னு. சட்டத்துல தடை இல்ல, ஆனா யாரும் வைக்க மாட்டாங்க, சிரிப்பாங்கன்னு சொன்னேன். "அப்ப உவரிய வைப்போம்"ன்னா. குருசடென்சிஸ் மாதிரி உவரியென்சிஸ். நோட்டுக் கடைசிப் பக்கத்துல எழுதி வச்சிருக்கா, பென்சிலால.

இப்ப ஒரு சின்னச் சந்தேகம். ஸ்லைடுல கிளிசரின்ல வச்ச புழுவுக்கு மூடுகண்ணாடி ஓரத்தை அடைக்கணுமாம். வீட்டுல நகப்பாலிஷ் இருக்கு. அது போதுமா, ஒழுகிருமா?

பழைய_லேப்காரன் | ஞாயிறு, காலை 5.40

இப்போதைக்குப் போதும், ரெண்டு பூச்சு போடு. ஓரத்துல கிளிசரின் கசிஞ்சிருந்தா பாலிஷ் பிடிக்காது, துடைச்சுட்டுப் போடு. வருஷக்கணக்கா நிக்கணும்னா மெழுகு வளையம்தான், அதை நேர்ல வந்தா காட்டுதேன். கலர் இல்லாத பாலிஷா பாத்துக்கோ, செவப்பு பூசினா அப்புறம் ஓரம் எது புழு எதுன்னு தேட வேண்டிவரும்.

அந்த அரை மார்க்கு போட்ட டீச்சர் கிட்ட நான் வேணும்னா பேசுதேன்.

உவரிக்கரை | ஞாயிறு, காலை 6.05

கச்சான் தொடங்கிட்டு அண்ணாச்சி. நீங்க தோண்டின இடத்துல நேத்து பாதி போயிட்டு. அடியில புழு இருக்கா இல்லையான்னு பாக்கணும்னா இந்த வாரமே வாங்க. வாளி ரெண்டு என்கிட்ட கிடக்கு, நீங்க மருந்து மட்டும் கொண்டாந்தா போதும்.